முதியவர்களை நடக்க விடாமல் தடுப்பது முழங்காலா, தெருவா? வீட்டைச் சுற்றியுள்ள 500 மீட்டர் சொல்லும் பதில்

"டெய்லி அரை மணி நேரம் நடங்க."

அறுபது வயதைத் தாண்டியவர் எந்த டாக்டரிடம் போனாலும் மருந்துச் சீட்டோடு சேர்ந்து வரும் அறிவுரை இது. சர்க்கரைக்கும் நடை, பிரஷருக்கும் நடை, தூக்கம் வரவில்லை என்றாலும் நடை. வீட்டுக்கு வந்தபின் பிள்ளைகளும் இதையே பிடித்துக்கொள்வார்கள். "ஏம்மா, டாக்டர் சொல்லியும் வாக்கிங் போக மாட்டேங்கிற?"

அதற்கு வரும் பதில்களும் நமக்குத் தெரிந்தவைதான். "அந்த முக்குல நாய் இருக்கு", "ரோட்டுல பைக்காரன் இடிச்சுட்டா யார் பார்ப்பா", "பிளாட்பாரத்துல ஏற முடியல", "கொஞ்ச தூரம் போனா உட்காரணும் போல இருக்கு, எங்க உட்கார்றது?" வீட்டில் உள்ளவர்கள் காதில் இவை சாக்குப்போக்காகவே விழும்.

ஆனால் இந்தப் பதில்களை மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒன்றிலாவது சோம்பல் இருக்கிறதா? எல்லாமே தெருவைப் பற்றிய புகார்கள். முதியவர்களின் நடையை ஆராயும் பொது சுகாதார நிபுணர்களும் இதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒருவர் எவ்வளவு நடப்பார் என்பதில் அவரது உடல்நிலைக்கும் மனசுக்கும் பங்கு இருப்பதைப் போலவே, அவர் வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கும் சில நூறு மீட்டருக்கும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-ல் மாநில மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டிலேயே கேரளாவுக்கு அடுத்த இடம். 2031-ல் இது 18.2 சதவீதமாக உயரும் என்கிறது அதே மதிப்பீடு. அதாவது, தெருவில் எதிரே வரும் ஐந்தாறு பேரில் ஒருவர் மூத்த குடிமகனாக இருப்பார். அவர் தெருவுக்கு வர முடிந்தால்!

எவ்வளவு நடந்தால் போதும்?

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்தது அல்ல. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரில் 'பத்தாயிரம்' இருந்தது. அது அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

2022-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு, உலகின் பல பகுதிகளில் நடந்த 15 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பொறுத்தவரை, தினமும் 6,000 முதல் 8,000 அடி வரை நடை கூடக் கூட இறப்பு அபாயம் குறைந்துகொண்டே வந்தது. அதற்கு மேல் நடந்தால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் அடிக்கணக்கு சொல்வதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஐந்து நாளைக்குப் பிரித்தால் அதே அரை மணி நேரம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கடைத்தெரு வீட்டிலிருந்து 500 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக நடக்கும் முதியவர் ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர் போவார் என்றால், போகப் பத்து நிமிடம், வரப் பத்து நிமிடம். வழியில் கோயிலில் ஒரு கும்பிடு, தெரிந்தவரோடு நாலு வார்த்தை. ஏறக்குறைய டாக்டர் கேட்ட அரை மணி நேரம் கணக்கில் வந்துவிட்டது. ஷூ வாங்கவில்லை, பார்க்குக்குப் போகவில்லை, வாக்கிங் போகிறோம் என்ற நினைப்பே இல்லை.

இதுதான் இந்த விஷயத்தின் மையம்.

'வாக்கிங்' வேறு, நடை வேறு

ஆய்வாளர்கள் நடையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். உடற்பயிற்சிக்காக, பொழுதுபோக்குக்காக நடப்பது ஒன்று. கடைக்கு, கோயிலுக்கு, பஸ் ஸ்டாப்புக்கு, பேங்குக்கு என்று ஒரு வேலையாக நடப்பது இன்னொன்று. முதல் வகையை நம் ஊரில் 'வாக்கிங்' என்கிறோம். இரண்டாவதற்குத் தனிப் பெயரே கிடையாது, அது சும்மா 'போயிட்டு வர்றது'.

2017-ல் முதியவர்களின் நடை பற்றி அதுவரை பல நாடுகளில் வந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள் வெளியாயின. வேலையாக நடப்பதை ஆராய்ந்த தொகுப்பாய்வில் தெளிவாகத் தெரிந்தது இது: வீடுகளும் கடைகளும் கலந்திருக்கும் இடங்களில், ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குச் சுற்றாமல் போக முடிகிற இடங்களில், நடப்பதற்கான வசதிகள் உள்ள இடங்களில் முதியவர்கள் அதிகம் நடக்கிறார்கள். குப்பையும் சிதிலமும் நிறைந்த தெருக்களில் குறைவாக நடக்கிறார்கள். மொத்த நடையையும் உடலுழைப்பையும் பார்த்த இன்னொரு தொகுப்பாய்வு, பூங்கா, பசுமை, பயமின்றிப் போய்வரும் சூழல் ஆகியவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது.

இதைப் படிக்கும்போது மயிலாப்பூர் மாட வீதிகள் நினைவுக்கு வந்தால் அதில் தவறில்லை. ஸ்ரீரங்கத்தின் ஏழு பிரகாரங்களும், மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி வரிசையாக அமைந்த மதுரையின் ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளும் இதே ரகம். நடுவில் கோயில், சுற்றிலும் வீடு, வீட்டுக்கு அடுத்து கடை. காரை மனதில் வைத்துப் போட்ட தெருக்கள் அல்ல இவை, காலை மனதில் வைத்துப் போட்டவை. எண்பது வயது பாட்டிகூட காலையில் பூ வாங்க, மாலையில் பிரதோஷத்துக்கு என்று இரண்டு முறை வெளியே வந்துவிடுவார். அதற்கு யாரும் அறிவுரை சொல்லத் தேவையில்லை.

அதே பாட்டியை மகனின் புது அபார்ட்மென்ட்டுக்குக் கூட்டிவந்து விட்டால்? லிஃப்ட் இருக்கும், வளாகத்துக்குள் டைல்ஸ் போட்ட நடைபாதையும் இருக்கும். ஆனால் கேட்டுக்கு வெளியே வேகச் சாலை. கடைக்குப் போக ஆட்டோ வேண்டும், கோயிலுக்குப் போக மகன் வேண்டும். வளாகத்துக்குள் நாலு சுற்று சுற்றலாம், ஒரு வாரம் சுற்றுவார். பிறகு "அங்கேயே சுத்திச் சுத்தி வர்றது போரடிக்குது" என்று நின்றுவிடும். நடைபாதை இருந்தும் போய்ச் சேர இடம் இல்லாத பிரச்னை இது.

வாசலைத் தாண்டினால் என்ன நடக்கிறது?

எழுபது வயதைக் கடந்த ஒரு அம்மா, பழைய சென்னையில் கடைகள் நிறைந்த ஒரு பகுதியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போக வேண்டிய இடங்கள் எல்லாம் பக்கத்தில்தான். அப்படியானால் நடந்துவிடுவாரா?

முதல் தடை பிளாட்பாரத்தின் உயரம். இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்புதான் நாட்டின் சாலைகளுக்கான தொழில்நுட்ப விதிகளை வகுக்கிறது. பாதசாரிகளுக்கான அதன் 2012-ம் ஆண்டு வழிகாட்டி, நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கிட்டத்தட்ட அரை அடி, வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம். நம் ஊரில் பல இடங்களில் ஒரு அடி உயரத்துக்கும் மேலே நிற்கும் பிளாட்பாரங்களைப் பார்க்கலாம். கீழே மழைநீர் வடிகால் ஓடுகிறது, அதன் மேல் மூடிதான் பிளாட்பாரம் என்பது ஒரு காரணம். பைக் ஏறிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே உயர்த்துவது இன்னொரு காரணம். பைக்குகள் எப்படியும் ரேம்ப் வழியாக ஏறிவிடுகின்றன. ஏற முடியாமல் போவது முட்டி வலிக்காரர்தான்.

அடுத்தது அகலம். அதே வழிகாட்டியின்படி குடியிருப்புப் பகுதியில் குறைந்தது 1.8 மீட்டரும், வணிகப் பகுதியில் 2.5 மீட்டரும் எந்த இடைஞ்சலும் இல்லாமல் நடக்கக் கிடைக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று கடந்து போகிற அகலம்தான் 1.8 மீட்டர். அதில் மின்வாரியத்தின் பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர், விளம்பரப் பலகை, கடையின் ஜெனரேட்டர், நிறுத்தி வைத்த பைக் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தை அளந்து பாருங்கள்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாத ஒன்று: வீட்டு வாசல்கள். கார் உள்ளே போவதற்காக ஒவ்வொரு வீட்டின் முன்பும் பிளாட்பாரத்தை வெட்டிச் சாய்வாக்கியிருப்பார்கள். நடப்பவருக்கு அது இருபது அடிக்கு ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். விதி இதற்கு நேர் எதிரானது. நடைபாதை ஒரே மட்டத்தில் தொடர வேண்டும், ஏறி இறங்க வேண்டியது வாகனம்தான். காரில் இருப்பவருக்கு அது ஒரு சின்னக் குலுக்கல். வாக்கரோடு போகும் முதியவருக்கோ ஒவ்வொரு சாய்வும் விழுந்துவிடும் பயம்.

ஆக, அந்த அம்மா என்ன செய்வார்? பிளாட்பாரத்தை விட்டுவிட்டு சாலையோரமாக நடப்பார். பின்னால் வரும் வண்டி அவர் கண்ணுக்குத் தெரியாது, ஹாரன் அடித்தால் பதறுவார். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் உயிரிழந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. பிளாட்பாரத்தில் நடக்காமல் ஏன் ரோட்டில் நடக்கிறார்கள் என்று கேட்பவர்கள், ஒரு நாள் முழுத் தூரமும் பிளாட்பாரத்திலேயே நடந்து பார்க்கலாம்.

சிக்னலில் ஆறு மீட்டர் பாக்கி

சாலையைக் கடக்கும் பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்பதற்குப் பல நாடுகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. மனிதர் ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது அந்தக் கணக்கு. இளைஞர்களுக்கு இது சாதாரண வேகம்.

இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் நடை வேகத்தை ஆராய்ந்த ஒரு ஆய்வு 2012-ல் வெளியானது. ஆண்களின் சராசரி வேகம் விநாடிக்கு 0.9 மீட்டர், பெண்களின் வேகம் 0.8 மீட்டர். சிக்னல் எதிர்பார்க்கும் வேகத்தில் பெரும்பாலானவர்களால் நடக்க முடியவில்லை.

அறுபது அடிச் சாலை என்பது சுமார் 18 மீட்டர். 1.2 மீட்டர் கணக்கில் பச்சை விளக்கு 15 விநாடி எரியும். நம் அம்மா அந்த 15 விநாடியில் 12 மீட்டர்தான் வந்திருப்பார். இன்னும் ஆறு மீட்டர் பாக்கி, அதற்குள் வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும். நூறு அடிச் சாலையாக இருந்தால் 25 விநாடியில் முடிய வேண்டியது அவருக்கு 37 விநாடிக்கும் மேல் பிடிக்கும்.

இந்த அனுபவம் ஒரே ஒரு முறை நடந்தால் போதும். அந்தச் சாலைக்கு அப்பால் உள்ள கடை, கோயில், தங்கை வீடு எல்லாம் அவரது உலகத்திலிருந்து கழிந்துவிடும். வீட்டில் யாரிடமும் சொல்லக்கூட மாட்டார்.

உட்கார ஒரு இடம்

பிரிட்டன் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டி ஒன்றில் சுவாரசியமான தகவல் இருக்கிறது. கைத்தடி ஊன்றி நடப்பவர் ஓய்வில்லாமல் போகக்கூடிய தூரமாக அது கொள்வது 50 மீட்டர்தான். தடி இல்லாமல் நடக்கும், ஆனால் நடப்பதில் சிரமம் உள்ளவருக்கு 100 மீட்டர். எனவே மக்கள் அதிகம் நடக்கும் இடங்களில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கை வேண்டும் என்கிறது.

500 மீட்டர் தூரத்துக்கு அப்படியானால் ஒன்பது, பத்து இருக்கைகள். நம் தெருக்களில் ஒன்றாவது உண்டா என்று யோசித்தால் பஸ் ஸ்டாப் மட்டும்தான் நினைவுக்கு வரும், அதிலும் சாய்ந்து நிற்க மட்டுமே தோதான கம்பி இருக்கைகள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய யோசனையும் அல்ல. பழைய வீடுகளின் வெளித் திண்ணை வழிப்போக்கருக்கானது. தலைச்சுமையோடு நடப்பவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்க வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். நடப்பவர் களைப்பார், அவர் நிற்க ஒரு இடம் வேண்டும் என்பதை வழி அமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். திண்ணை கார் ஷெட் ஆனபோது அந்த ஏற்பாடு போய்விட்டது. மாற்றாக எதுவும் வரவில்லை.

நிழலும் அப்படித்தான். ஏப்ரல், மே மாதங்களில் மரமில்லாத தெருவில் காலை எட்டு மணிக்கு மேல் நடப்பதை முதியவர்கள் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மரம் போன தெருவில், நடக்கக்கூடிய நேரமும் சேர்ந்து போகிறது.

கழிப்பறை பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயாளிகள், புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்கள் எல்லோரும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மனதில் போடும் முதல் கணக்கு இதுதான். வழியில் சுத்தமான கழிப்பறை இல்லை என்றால் பயணத்தைச் சுருக்குவார்கள், அல்லது தண்ணீர் குடிக்காமல் போவார்கள். வெயில் காலத்தில் அது ஆபத்து.

தெருநாய், எரியாத விளக்கு, மூடி ஆடும் மேன்ஹோல்... இவற்றை விளக்க வேண்டியதில்லை.

தள்ளுவண்டிகள் எதிரியா?

நடைபாதை என்றதும் உடனே வரும் கோரிக்கை, வியாபாரிகளை அகற்ற வேண்டும் என்பது. இதில் கொஞ்சம் நிதானம் தேவை. நடக்க வழியே இல்லாமல் அடைத்து நிற்கும் கடை தொல்லைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அம்மா வீட்டை விட்டு வெளியே வருவதே கீரைக்காரரிடம் கீரை வாங்கவும், பூக்கார அம்மாவோடு பேசவும்தான். கால் தடுக்கினால் ஓடிவந்து தூக்குபவரும் அவர்தான். எல்லோரையும் அகற்றி வெறிச்சோடிய தெருவில் பளபள டைல்ஸ் போட்டால் அதில் நடக்க காரணம் இருக்காது. சாலையோர வியாபாரிகளுக்கான 2014-ம் ஆண்டு சட்டம், அவர்களுக்கு இடம் ஒதுக்கி முறைப்படுத்தவே சொல்கிறது. நடக்க வழியும் வேண்டும், வண்டி நிற்க இடமும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இடத்தை வரைவது கஷ்டமான வேலைதான், முடியாத வேலை அல்ல.

சிங்கப்பூரில் என்ன செய்தார்கள்?

வெயிலும் ஈரப்பதமும் சென்னையைப் போன்றே உள்ள, குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 65 வயதைக் கடந்த ஊர் சிங்கப்பூர். பெரும்பாலான மக்கள் அரசு கட்டிய வீட்டு வசதி வாரிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். அங்கே இந்தப் பிரச்னையை ஒவ்வொரு கண்ணியாகக் கையாண்டிருக்கிறார்கள்.

பழைய அடுக்குமாடிகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. லிஃப்ட் நிற்காத மாடியில் இருப்பவர் ஒன்றிரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். 2001-ல் தொடங்கிய திட்டத்தில் எல்லா மாடியிலும் நிற்கும்படி லிஃப்ட்டுகளை மாற்றத் தொடங்கினார்கள். தெருவை யோசிக்கும் முன் படியை யோசித்தார்கள்.

சிக்னலுக்கு 2009-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூத்த குடிமக்களுக்கான சலுகைப் பயண அட்டையை சிக்னல் கம்பத்தில் உள்ள கருவியில் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். எல்லா நேரமும் வாகனங்களை நிறுத்தி வைக்கத் தேவையில்லை, தேவைப்படும்போது மட்டும். மேலே பார்த்த அறுபது அடிச் சாலைக் கணக்கில் அந்த அம்மாவுக்குக் குறைந்தது ஏழரை விநாடி என்பதை நினைவில் வையுங்கள்.

2014 முதல் முதியவர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளை 'சில்வர் ஸோன்' என்று அறிவித்து சாலையையே மாற்றி அமைத்தார்கள். நேர்ச் சாலையை வேண்டுமென்றே லேசாக வளைத்து வாகன வேகத்தைக் குறைத்தார்கள். நடுவில் தடுப்புத் திட்டு வைத்து, பாதியில் நின்று மறுபாதியைக் கடக்க வழி செய்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இந்தத் திட்டு ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் அல்ல, சிமென்ட்டும் கல்லும்தான்.

ரயில் நிலையங்களிலிருந்து சுமார் 400 மீட்டர் வரை கூரையோடு கூடிய நடைபாதைகளும் போடப்பட்டன. வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும். நடைபாதையில் இ-ஸ்கூட்டர்கள் பாய்ந்து விபத்துகள் அதிகரித்ததும் 2019 நவம்பரில் அவற்றுக்கு அங்கே தடை விதித்தார்கள்.

சிங்கப்பூர் சின்ன ஊர், பணக்கார ஊர், ஒரே அரசு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் மேலே சொன்னவற்றில் கூரையையும் லிஃப்ட்டையும் தவிர மற்றவை எந்த மாநகராட்சியாலும் நினைத்துப் பார்க்கக்கூடியவை.

இங்கே என்ன நடந்திருக்கிறது?

திட்டங்களே இல்லை என்று சொல்ல முடியாது. 2014-லேயே சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான தனிக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை இதற்கு ஒதுக்குவது, 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை அமைப்பது என்றெல்லாம் அதில் இலக்குகள் இருந்தன. 2018 எப்போதோ போய்விட்டது. உங்கள் தெரு அந்த 80 சதவீதத்தில் வருகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. இருக்கைகளும் மர நிழலும் சமமான தளமும் அமைந்த அந்த இடத்தில் மாலை நேரங்களில் முதியவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். சிக்கல் ஒன்றுதான். அது ஒரு சாலை. பக்கத்துத் தெருவிலிருந்து அங்கே வந்து சேர்வதற்குள் பழைய கதைதான்.

2023 நவம்பரில் மாநில அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகள் அடையாளம் காணப்பட்டன. நல்ல திட்டம், ஆனால் அது 'வாக்கிங்' போகிறவர்களுக்கானது. எட்டு கிலோமீட்டர் நடக்கக்கூடியவருக்கு எந்தச் சாலையும் ஒத்துவரும். எட்டாவது வீடு வரை போகவே யோசிப்பவருக்குத் தேவைப்படுவது வேறு.

2025 ஆகஸ்டில் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கியபோது 70 வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருட்கள் வரத் தொடங்கின. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் தனியாக வாழ்பவருக்கும் இது பெரிய உதவி. அதே நேரம், ஓரளவு நடக்க முடிகிறவருக்கு வெளியே வரக் காரணமாக இருந்த வேலைகளில் ஒன்று குறைகிறது என்பதும் உண்மை. பால், மருந்து, காய்கறி எல்லாமே ஆப்பில் வரத் தொடங்கிய வீடுகளிலும் இதே கதைதான். பொருளை வீட்டுக்குக் கொண்டுவருவதோடு ஆளை வெளியே கொண்டுவரும் வழியையும் அரசு யோசித்தால்தான் இந்த உதவி முழுமையாகும்.

நடைபாதை சலுகையா, உரிமையா என்ற கேள்விக்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. இடையூறில்லாத, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. மாநிலங்கள் இதற்கான வழிகாட்டு நெறிகளை வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

தெருவை மாற்றினால் நிச்சயம் நடப்பார்களா?

இந்தக் கேள்வி நியாயமானது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே காலகட்டத்தில் எடுத்த கணக்கெடுப்புகள். நல்ல தெருவில் இருப்பவர்கள் அதிகம் நடக்கிறார்கள் என்று அவை காட்டுகின்றன. தெருதான் காரணமா, நடக்கப் பிடித்தவர்கள் அப்படிப்பட்ட பகுதியைத் தேடிக் குடிபோகிறார்களா என்பதை அவற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் முதியவர்கள் விஷயத்தில் இந்தச் சந்தேகம் கொஞ்சம் வலுவிழக்கிறது. நம் ஊரில் எந்தத் தாத்தா வாக்கிங் பாதை பார்த்து வீடு மாறுகிறார்? முப்பது வருடம் முன்பு கட்டிய வீட்டில் இருப்பார், இல்லையென்றால் பிள்ளை எங்கே வேலை பார்க்கிறாரோ அங்கே இருப்பார்.

ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும் உண்டு. டோக்கியோவில் 1903 முதல் 1918 வரை பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உலாவ வசதியான பூங்காவும் மரம் நிறைந்த தெருவும் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. வயது, பாலினம், வருமானம், உடலின் இயக்கத் திறன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நீடித்தது.

எதிர்த்திசையில் நடப்பது எந்த வயதான தாய் தகப்பனோடும் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டிலேயே இருந்தால் தொடைத் தசை தளரும். தளர்ந்தால் தடுமாற்றம் வரும். தடுமாறினால் விழும் பயம், பயத்தால் இன்னும் குறைவான நடை. இதற்கிடையில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடைக்குத் திரும்பாதவர்கள் நிறைய பேர்.

யாரிடம் கேட்பது?

இங்கேதான் தலை சுற்றும். உள் தெருக்களும் பெரும்பாலான பஸ் சாலைகளும் மாநகராட்சி வசம். சில முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். பாக்ஸும் டிரான்ஸ்ஃபார்மரும் மின்வாரியத்துக்குச் சொந்தம். பாதாளச் சாக்கடை மேன்ஹோல் குடிநீர் வாரியத்துக்கு. சிக்னல் நேரமும் பிளாட்பாரத்தில் நிறுத்திய வண்டியும் போக்குவரத்துக் காவல்துறை. 500 மீட்டருக்குள் ஐந்து அலுவலகம். ஒன்று சரிசெய்ததை இன்னொன்று தோண்டுவதும் இதனால்தான்.

அதனால் பொதுவாக 'நடைபாதை சரியில்லை' என்று புகார் கொடுப்பதில் பலன் குறைவு. குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே மூடி ஆடுகிறது, எந்தக் கம்பம் வழியை மறிக்கிறது, எந்த சிக்னலில் எத்தனை விநாடி. சென்னையில் 1913 என்ற எண்ணிலும் 'நம்ம சென்னை' செயலியிலும் போட்டோவோடு பதிவு செய்யலாம். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகங்களிலும், வார்டு கவுன்சிலரிடமும் கொடுக்கலாம். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கே பேசலாம், பேசியது பதிவாகும்.

புகாருக்கு முன் ஒரு நாள், உங்கள் வீட்டு மூத்தவரோடு அவர் வேகத்தில் கடை வரை போய் வாருங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், அவர் எங்கே நிற்கிறார், எங்கே சாலையில் இறங்குகிறார், எங்கே எதைப் பிடிக்கக் கை நீட்டுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். சிக்னல் வந்ததும் போனில் ஸ்டாப்வாட்சை ஆன் செய்யுங்கள். பச்சை விளக்கு அணையும்போது அவர் சாலையில் எங்கே நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, புகாரில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.